அர்த்தம் சொல்லுகிறவள்

பிப்ரவரி 11, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும்போது மணி ஒன்றரை. காலையிலேயே குழம்பு வைத்துவிட்டுப் போனதால் சோறு மட்டும் வடித்தேன். இவர் சாப்பிட்டுவிட்டுத் தலைவலி என்று படுத்துவிட்டார். வியாழக்கிழமை கடை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டுக் குனிந்து நுழைந்தவர், முழுக்க உள்ளே போவதற்குள் நிமிர்ந்திருக்கிறார். இடது பக்கம் நன்றாக இடித்துவிட்டது. ரத்தம் வரவில்லை. புடைத்திருந்தது, அதுவும் இரண்டு நாளில் வற்றிவிட்டது. தைலம் தேய்த்துவிட்டேன்.

இன்று சபையில் மூன்று பேர் ஆவியில் நிறைந்து, கேட்கிறவர்களுக்குப் புரியாத அந்நிய பாஷையில் பேசினார்கள். மூன்று பேருக்கும் நான்தான் அர்த்தம் சொன்னேன். பதினொரு வருஷமாகக் கர்த்தர் இந்த வரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார். பேசுகிறவர் பேசி ஓய்ந்ததும் பாஸ்டர் அசரியா என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், கர்த்தர் என்ன சொல்லுதார்?" என்று கேட்பார். நான் கண்ணை மூடுவேன். வார்த்தை வரும். வராமல் போனதே இல்லை.

மாடிப்படி இறங்கிச் செருப்பு மாட்டும்போது ரூபி அக்கா எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்: "தபித்தா, ஊருக்கெல்லாம் அர்த்தம் சொல்லுத. ஒங்க வீட்டுக்காரருக்கு எப்பத்தான் ஒரு வார்த்த வரப்போவுது?"

சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். நாளைக்கு இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு ஒப்பித்தல்.

பிப்ரவரி 14, புதன்

இவருக்கு இன்னும் தலைவலி. மாத்திரை போட்டார். நெஞ்சுவலி வந்த வருஷத்திலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். அதோடு இதையும் சேர்த்துப் போடலாமா என்று மருந்துக்கடையில் கேட்டாராம். போடலாம் என்றார்களாம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

இன்று வீட்டுக்கு வந்ததும் சண்டை. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. இவர் சத்தம் போட மாட்டார்.

சபையில் ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் பேசினார்கள். ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கவில்லை. பாஸ்டர் மைக்கை இன்னும் கூட்டி வைத்தார். இவர் வழக்கம்போலக் கடைசி வரிசையில், கை கட்டி, வாய் திறக்காமல். இருபது வருஷமாக அதே இடம், அதே இருப்பு. முன்வரிசையில் இருக்கிற எனக்கு முதுகு கூசுகிறது. அர்த்தம் சொல்லுகிற சகோதரியின் புருஷனுக்கு ஆவியின் அபிஷேகம் இல்லை என்று எத்தனை வாய் பேசுகிறது.

"நீங்க கொஞ்சம் எளகிக் கொடுத்தா கர்த்தர் உங்களையும் நெரப்புவாரு" என்றேன்.

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பவுல் கொரிந்தியருக்கு எழுதினத நீயும் படிச்சிருக்கியே, பதினாலாம் அதிகாரம். ரெண்டு பேரு பேசலாம், மிஞ்சினா மூணு பேரு. அதுவும் ஒருத்தர் முடிச்ச பொறவு ஒருத்தர். அர்த்தம் சொல்ல ஆளில்லன்னா சபையில வாயத் தெறக்கக்கூடாது, தனக்குள்ள பேசிக்கிடணும். பேசினது சரியா தப்பான்னு மத்தவங்க நிதானிச்சுப் பாக்கணும். நம்ம சபையில யாரு நிதானிக்கா? நீ சொன்னா எல்லாரும் ஆமென்."

"அர்த்தம் சொல்லத்தான் நான் இருக்கனே."

அவர் செருப்பைச் சுவரோரம் தள்ளி வைத்தார். "நான் பேசினா நீ என்ன அர்த்தம் சொல்லுவன்னு எனக்கு இப்பவே தெரியும் தபித்தா. அதனாலதான் பேசல."

நான் உள்ளே போய்விட்டேன். துணி ஊறப்போட்டேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

இவர் கடையில் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொடுத்த தண்ணி மோட்டாரை ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து போட்டாராம். மாட்டி அரை மணி நேரத்தில் எரிந்துவிட்டதாம். முப்பது வருஷத்தில் இவர் கட்டிய மோட்டார் திரும்பி வந்ததில்லை. "சுத்து எண்ணும்போது தப்பிப்போவுது" என்றார். வயசாகிறது. ஐம்பத்தாறு.

காபி டம்ளர் கைதவறி விழுந்தது. அவர் மாற்றிப் போட்ட சட்டைப் பொத்தானை நான்தான் சரிசெய்து அனுப்பினேன். ஜெமிமாவிடம் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் நர்ஸ் வேலை பார்க்கிறவளிடம் எதைச் சொன்னாலும் டெஸ்ட் எடு என்பாள்.

மார்ச் 4, ஞாயிறு

ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம். இரவு வெகு நேரமாகிவிட்டது. ஆனாலும் இந்த நாளை எழுதாமல் விட மாட்டேன்.

துதி வேளையில் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் எனக்குக் குரல் தெரியவில்லை. திரும்பினால் இவர். எழுந்து நிற்கிறார். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை இடது கையால் பிடித்துக்கொண்டு, "சேலா... சேல... தா சேலா மர..." என்று பேசுகிறார். நிறுத்துகிறார். மறுபடி பேசுகிறார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. முகம் இதுவரை நான் பார்த்திராத முகம். வலது கை உயரவில்லை, தொங்கியே கிடந்தது. வல்லமை இறங்கும்போது சிலருக்கு அப்படித்தான், கை கால் ஓய்ந்துபோகும்.

பாஸ்டர் பாட்டை நிறுத்தச் சொன்னார். "சேலா! சங்கீதத்தில் வருகிற வார்த்தை! எபிரெய பாஷை!" என்றார் மைக்கில். சபை முழுக்க அழுகை. ரூபி அக்கா என் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"சிஸ்டர், கர்த்தர் என்ன சொல்லுதார்?"

கண்ணை மூடினேன். வந்தது. "என் மகனே, இருபது வருஷம் உன்னை மௌனத்தில் வைத்தேன். இப்போது உன் நாவின் கட்டை அவிழ்த்தேன். இனி நீ அடங்கியிருப்பதில்லை." நான் சொல்லும்போது இவர் தலையை அசைத்துக்கொண்டே இருந்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். பரவசம்.

வரும் 25ஆம் தேதி கன்வென்ஷனில் இவர் சாட்சி சொல்ல வேண்டும் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார்.

மார்ச் 5, திங்கள்

வீட்டிலும் அந்நிய பாஷைதான். நடுநடுவே தமிழும் வருகிறது. "தண்ணி" என்று சொல்ல வந்து "சேலா" என்கிறார். காலையில் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையின் இடது பக்கம் வைத்து அழுத்திக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. என் கையால் ஆசீர்வாதம் கேட்கிறார் என்று புரிந்துகொண்டு ஜெபித்தேன். அழுதார்.

பிறகு என் பாட ஏட்டை எடுத்து எழுத முயன்றார். வலது கையில் பேனா நிற்கவில்லை; இடது கையால் எழுதினார். கிறுக்கல். எந்தப் பாஷை எழுத்தும் இல்லை. அந்தத் தாளைக் கிழித்து வேதத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கடை திறக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போனேன்.

மார்ச் 7, புதன்

ஜெமிமா போன் செய்தாள். அப்பாவிடம் கொடு என்றாள். கொடுத்தேன். இவர் போனைப் பிடித்துக்கொண்டு, "ஜெமி... சேல... சேல..." என்று சொல்லி அழுதுவிட்டார். போனை வாங்கி, அப்பாவுக்கு அபிஷேகம் கிடைத்திருக்கிறது என்று சொன்னேன்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். பிறகு, "எம்மா, கை கால் ரெண்டும் ஒண்ணுபோல அசையுதா? சிரிக்கச் சொல்லு, வாய் கோணுதா பாரு. தலையில எங்கயாவது அடிபட்டுச்சா?" என்று அடுக்கினாள்.

"ஒண்ணும் இல்லட்டி. நல்லா இருக்காரு."

"இப்பவே ஆட்டோ பிடி. ஸ்கேன் எடுக்கணும். நாளைக்கில்ல, இப்ப."

நாளைக்குப் போகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஷட்டர் இடித்ததை நான் சொல்லவில்லை. அது நடந்து ஒரு மாசம் ஆகிறது.

மார்ச் 8, வியாழன்

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன். ஜெமிமா காலையிலிருந்து ஆறு தடவை போன். பதினோரு மணிக்குப் பாஸ்டரும் ரூபி அக்காவும் வந்தார்கள். பாஸ்டர் இவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், பிரதருக்கு ஒடம்பும் பலவீனமா இருக்கே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுன்னா நானே கார் எடுத்துட்டு வாரேன்" என்றார். இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். அவர் அப்படிச் சொன்னார்.

இவர் இதற்குள் கட்டிலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், செருப்பில் கால் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கால் நுழையவில்லை. தெருவைக் காட்டி, "சேல, சேல" என்றார். சத்தமாக.

ரூபி அக்கா ஸ்தோத்திரம் சொல்லி முழங்கால் போட்டாள். "ஆவியானவர் பேசுதாரு பாஸ்டர், தபித்தாகிட்ட கேளுங்க."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். "போவணுமா, காத்திருக்கணுமா? கர்த்தர் என்ன சொல்லுதார் சிஸ்டர்?"

கண்ணை மூடினேன்.

"மூன்று நாள் என் சமூகத்தில் காத்திரு. உபவாசித்து ஜெபி. மூன்றாம் நாளில் நான் என் மகனை எழுப்பி நிறுத்துவேன். மனுஷர் கைகளில் அவனை ஒப்புக்கொடாதே."

கண்ணைத் திறந்தபோது இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சமாதானத்தோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஒற்றைச் செருப்பை நான் கழற்றிவிட்டேன்.

ஜெமிமாவுக்குப் போன் செய்து, டாக்டரிடம் காட்டியாயிற்று, ரத்த அழுத்தம் என்று சொன்னார், நீ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விசுவாசத்தில் பலவீனமானவர்களிடம் எல்லாவற்றையும் விளக்க முடியாது.

மார்ச் 9, வெள்ளி

உபவாசம் முதல் நாள். சபையிலிருந்து பன்னிரண்டு பேர் வந்து ஜெபித்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில். இவர் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு தூக்கம்.

மார்ச் 10, சனி

பகல் முழுக்கத் தூங்கினார். எழுப்பினால் முனகுகிறார். தண்ணீர் ஒரு மடக்கு. வாயின் வலது ஓரமாக வழிந்துவிட்டது, துடைத்தேன். தலையணை உறை மாற்றினேன். நாளைக்கு மூன்றாம் நாள்.

மார்ச் 14, புதன்

பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜெமிமா வந்து கதவைத் தட்டினாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை. லீவு போட்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே அப்பாவிடம் போய், கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் கத்தியது தெருக்கோடிவரை கேட்டிருக்கும். "எம்மா, ஒரு கண்ணுல பாப்பா விரிஞ்சு நிக்கி. நீ என்ன செஞ்சிட்டிருந்த?" அவளே 108க்குப் போன் செய்தாள்.

ஸ்கேனில் தெரிந்தது. மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே இடது பக்கம் ரத்தம் கசிந்து கசிந்து கட்டி நிற்கிறது. தலையில் இடித்ததிலிருந்து ஒரு மாசமாகக் கசிந்திருக்கிறது. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி ஆகுமாம். மூளையில் பேச்சு இருக்கிற இடத்தைத்தான் அது அழுத்தியிருக்கிறது.

அன்றே ஆபரேஷன். உயிர் இருக்கிறது. கண் இன்னும் திறக்கவில்லை.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார். கோபமே இல்லாமல் பேசினார். அதுதான் தாங்க முடியவில்லை. "பேச்சு கொழறினது என்னைக்கும்மா ஆரம்பிச்சது?"

"போன ஞாயித்துக்கெழமைக்கு முந்தின ஞாயிறு. ஒரு வாரம்."

"அப்பவே வந்திருந்தா ரெண்டு சின்ன ஓட்ட போட்டு ரத்தத்த வடிச்சு விட்டிருப்போம். நாலாம் நாள் பேசிக்கிட்டே வீட்டுக்குப் போயிருப்பாரு. வியாழக்கிழம வந்திருந்தாக்கூட..." அதோடு நிறுத்திவிட்டார். வியாழக்கிழமையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சும்மா ஒரு கிழமை சொன்னார்.

மார்ச் 15, வியாழன்

ஜெமிமாவிடம் "சேலா" என்று அவர் சொன்னதைச் சொன்னேன். என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்து அழுத்தியதையும் சொன்னேன். அவள் எழுந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போய் நின்றுகொண்டாள். திரும்பி வந்து, "தலன்னு சொல்லியிருக்காரும்மா. தல, தல. வாய் வரல" என்றாள்.

டாக்டரிடம் கேட்டேன். அப்படியும் இருக்கலாம், சும்மா வாயில் சிக்கிக்கொண்ட சத்தமாகவும் இருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார்.

மார்ச் 17, சனி

கண் திறந்தார். ஜெமிமாவைப் பார்த்து அழுதார். வலது கை, வலது கால் இரண்டும் அசையவில்லை. பேச்சு இல்லை. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது என்கிறார் டாக்டர். எல்லாமே புரிகிறதாம்.

மார்ச் 22, வியாழன்

பாஸ்டர் அசரியா வந்தார். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். கட்டில் பக்கத்தில் நின்று சத்தமில்லாமல் ஜெபித்தார். போகும்போது வராந்தாவில் என்னிடம், "அன்னைக்கு நான் காரு எடுக்கதா இருந்தேன் சிஸ்டர்" என்றார். ஆமாம் ஐயா என்றேன். வேறு எதையோ கேட்க நினைத்தார். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

25ஆம் தேதி கன்வென்ஷன் நடக்கும். வேறொருவர் சாட்சி சொல்வார்.

மார்ச் 30, பெரிய வெள்ளி

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் மாதிரியே இன்னொரு நாள். காலையில் உடம்பு துடைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். குழாய் வழியாகக் கஞ்சி.

வேதத்தைத் திறந்தபோது அந்தத் தாள் விழுந்தது. மார்ச் 5 அன்று இதே நோட்டில், எந்தப் பாஷை எழுத்தும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அது பொய். எழுத்து இல்லை, ஆனால் எண் இருந்தது. கோணல்மாணலாக நான்கு எண்கள், அதற்குப் பிறகுதான் கிறுக்கல். ஜெமிமாவின் செல் நம்பருடைய முதல் நான்கு எண்கள். நான் அன்றைக்கே படித்தேன். படித்துவிட்டுத்தான் மடித்து வைத்தேன்.

இதை எழுதிவிட்ட பிறகு மற்றதை எழுதாமல் இருப்பதில் பிரயோஜனம் இல்லை. பதினொரு வருஷமாகக் கண்ணை மூடியபோது வார்த்தை வந்தது என்பது உண்மை. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டுப் பார்த்ததில்லை. பேசுகிறவர் யார், அவர் வீட்டில் என்ன கஷ்டம், பாஸ்டர் எதை எதிர்பார்க்கிறார், எல்லாம் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது மாதிரி அது தானாக வரும். தானாக வந்ததால் கர்த்தர் தந்தார் என்று இருந்துவிட்டேன். முதல் இரண்டு வருஷம் பயமாக இருந்தது. பிறகு பயமும் போய்விட்டது.

ஆனால் அந்த வியாழக்கிழமை அப்படி இல்லை. அன்றைக்குக் கண்ணை மூடியபோது ஒன்றும் வரவில்லை. வெறும் இருட்டு. நான் யோசித்தேன். ஸ்கேன் எடுத்தால் இது நோய் என்று தெரிந்துவிடும். நோய் என்றால் ஞாயிற்றுக்கிழமை நான் சபையில் சொன்னது என்ன? அது பொய் என்றால் மற்ற பதினொரு வருஷம்? இவர் செத்துப்போவார் என்று நான் நினைக்கவே இல்லை. மூன்று நாளில் தானாகச் சரியாகிவிடும், நான் தப்பித்துக்கொள்வேன் என்று நினைத்தேன். அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக நானே தேடி எடுத்துச் சொன்னேன்.

அவர் சமாதானத்தோடு உட்காரவில்லை. கால் தாங்காமல் உட்கார்ந்தார்.

ஏப்ரல் 5, வியாழன்

டிஸ்சார்ஜ். ஆம்புலன்சில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இப்போது வாய் வழியாகக் கஞ்சி இறங்குகிறது. ஜெமிமா ஒரு மாசம் லீவு கேட்டிருக்கிறாள். என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறாள்.

ஏப்ரல் 8, ஞாயிறு

இவரை ஜெமிமாவிடம் விட்டுவிட்டுச் சபைக்குப் போனேன். என் வழக்கமான இடத்தை விட்டு வைத்திருந்தார்கள். துதி வேளையில் ஒரு சகோதரர் பேசினார். ஓய்ந்ததும் பாஸ்டர் பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர்..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நான் எழுந்தேன். "எனக்குத் தெரியாது பாஸ்டர்" என்றேன். "இவரு பேசினதுக்கு மட்டுமில்ல. எதுக்குமே எனக்கு அர்த்தம் தெரியாது. பதினோரு வருஷமா நானா சொன்னேன்."

நான் சபையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். "நம்ம கிறிஸ்டிக்கு நிச்சயமான கல்யாணத்த நிறுத்தச் சொன்னது நான்தான், கர்த்தர் இல்ல. எங்க வீட்டுக்காரர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவ வேண்டாம், மூணு நாள் காத்திருன்னு சொன்னதும் நான்தான். அவரு தல வலிக்குன்னு சொல்லிட்டு நின்னாரு. நான் அதுக்கு அர்த்தம் சொன்னேன்."

"சிஸ்டர், உட்காருங்க." பாஸ்டர் மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். "மனபாரத்துல பேசுதீங்க. இது ஆராதன வேள. எதுக்கும் ஒரு கிரமம் உண்டு. சபையில எல்லாம் ஒழுங்கா நடக்கணும்னு வேதமே சொல்லுது. பொறவு பேசுவோம்."

இத்தனை வருஷத்தில் அந்த வசனத்தை அவர் வாயிலிருந்து கேட்டது இன்றுதான்.

"அதே அதிகாரத்துல, பேசினத மத்தவங்க நிதானிக்கணும்னும் இருக்கு ஐயா. ஒருத்தரும் என்னை நிதானிக்கல. எங்க வீட்டுக்காரரு மட்டுந்தான் நிதானிச்சாரு. இப்ப நான் பேசியாச்சு. நீங்க நிதானிங்க."

ரூபி அக்கா, "பிசாசு பேசுது" என்று கத்தினாள். கீபோர்டுகாரர் பாட்டைத் தொடங்கினார். எல்லாரும் கைதட்ட ஆரம்பித்தார்கள். கிறிஸ்டி மட்டும் தட்டவில்லை. அவள் எழுந்து வெளியே போனாள். நான் பாட்டு முடியும்வரை நின்றுகொண்டிருந்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 15, ஞாயிறு

போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலிகள் காலி.

பாஸ்டர் பதினாலாம் அதிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். இனி சபையில் அந்நிய பாஷையில் சத்தமாகப் பேசக் கூடாது, தனக்குள் பேசிக்கொள்ள வேண்டும், அர்த்தம் சொல்லும் ஊழியம் இப்போதைக்கு நிறுத்தப்படுகிறது என்றார். தேவன் குழப்பத்தின் தேவன் அல்ல என்று விளக்கினார். நல்ல பிரசங்கம். இவர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஏன் நிறுத்தப்படுகிறது என்று மட்டும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எல்லாம் கிரமமாக நடந்தது. பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிட்டது.

மாடிப்படியில் கிறிஸ்டி நின்றிருந்தாள். முப்பத்திரண்டு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அவரு இப்ப ரெண்டு பிள்ளையோட தூத்துக்குடியிலதான் இருக்காரு டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் 17, செவ்வாய்

ஜெமிமா மருந்து வாங்கப் போயிருந்தாள். இவருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். பாத்திரத்தை வைத்துவிட்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த நான்கு எண்களைப் படித்ததைச் சொன்னேன். வியாழக்கிழமை வார்த்தை ஒன்றும் வரவில்லை, நானாகச் சொன்னேன் என்று சொன்னேன். எதற்குப் பயந்தேன் என்பதையும் சொன்னேன். "நீங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கூப்பிட்டீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போர்வையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

சொல்லி முடித்ததும் அவர் பேசினார். பழைய சத்தங்கள்தான். "சேல... தா... மர மர சேல..." ஆனால் நீளமாக. நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கி, குரல் ஏறி, இறங்கி. கால் மணி நேரம் இருக்கும். இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. இடது கை போர்வையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது.

நான் கண்ணை மூடவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

கஞ்சி ஆறிவிட்டது. சூடாக்கிக் கொண்டுவந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஜெமிமா வந்து கொடுத்தபோது குடித்தார்.

ஏப்ரல் 18, புதன்

ஜெமிமா கொடுத்தபோது குடித்தார்.

ஏப்ரல் 21, சனி

பிசியோதெரபி செய்ய ஒரு பையன் வருகிறான். வலது காலில் கொஞ்சம் அசைவு இருக்கிறது என்கிறான். பள்ளிக்கூடத்தில் ஆண்டுத் தேர்வு விடைத்தாள்கள் திருத்த வேண்டும், வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். நான் அறைக்குள் போனால் இவர் கண்ணை மூடிக்கொள்கிறார். தூக்கம் இல்லை என்று மூச்சில் தெரிகிறது. கட்டில் விரிப்பு மாற்றும்போது மட்டும் கண்ணைத் திறந்து கூரையைப் பார்ப்பார்.

மே 4, வெள்ளி

நாளைக்கு ஜெமிமா கோயம்புத்தூர் போகிறாள். லீவு முடிந்துவிட்டது. "அங்க கூட்டிட்டுப் போவட்டான்னு அப்பாகிட்டயே கேட்டேன்மா" என்றாள். "தலையாட்டல. வேண்டாம்னும் சொல்லல. எனக்குத் தெரியல." இரண்டு மாசத்துக்குப் பிறகு பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

மே 6, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. இவரைத் தனியாக விட முடியாது.

எட்டு மணிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். ஸ்பூனை நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இடது கையை நீட்டி என் கையிலிருந்து ஸ்பூனை எடுத்துக்கொண்டார். முதல் ஸ்பூன் பாதி சட்டையில் சிந்தியது. துடைக்கப் போனேன். கையால் தடுத்தார். இரண்டாவது வாய்க்குள் போனது. பாத்திரம் நழுவாமல் நான் பிடித்துக்கொண்டேன். அதைத் தடுக்கவில்லை.

முழுக்கக் குடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.